மூன்றாவது கியர்

ஷெட்டுக்குள் வண்டி நகரவேண்டிய தூரம் அரை அடி. அதற்கும் சிவபாண்டி கண்ணாடியைப் பார்க்கிறார், பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதிசெய்துகொள்கிறார், இண்டிகேட்டரைப் போடுகிறார்.

"யாருக்குண்ணே காட்டுறீங்க? சுவத்துக்கா?" என்கிறார் வாசலில் காபி டம்ளரோடு நிற்கும் முதலாளி சாய்பிரசாத்.

"வண்டி நகருதுல்லங்க. நகர்ந்தா போடணும்ல."

சனிக்கிழமை தவறாமல் இதே கேள்வி, இதே பதில். ஒரு வாரம் அரை அடி முன்னால், மறு வாரம் அரை அடி பின்னால். டயர் ஒரே இடத்தில் அழுந்திப் பழுதாகிவிடக் கூடாதே என்பதற்காக இந்த ஏற்பாடு. அதற்கு முன் பத்து நிமிடம் எஞ்சினை உறுமவிட வேண்டும். அப்புறம் அணைத்துவிட்டு, பருத்தித் துணியைத் தலைமுதல் கால்வரை இழுத்துப் போர்த்தவேண்டும். மற்ற நாட்களில் துடைக்கவேண்டும். நான்கு வருடமாக இதுதான் சிவபாண்டி பார்க்கும் டிரைவர் வேலை.

வண்டி சாமானியப்பட்டதல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் வருடத்து அமெரிக்க மஸ்டாங். நல்ல சிவப்பு. மூக்கில் ஓடுகிற குதிரைச் சின்னம். ஸ்டியரிங் இடதுபக்கம். கொடைக்கானலில் ஓர் எஸ்டேட்காரர் வீட்டிலிருந்து வாங்கி, நாகமலை புதுக்கோட்டையில் தன் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நிறுத்தியிருக்கிறார் சாய்பிரசாத். துணைக்கு ஒரு கான்டெஸாவும் இரண்டு பழைய பியட்டும் உண்டு. அவையும் நிற்கின்றன.

சாய்பிரசாத்துக்கு டவுனில் பட்டுச்சேலை மொத்த வியாபாரம். மடிப்புக் கலைந்த சேலைக்கு விலை இல்லை என்று கேட்டே வளர்ந்த மனிதர். காரையும் அப்படித்தான் வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடும், வயதுக்கு மரியாதை கொடுத்து அண்ணே என்றுதான் கூப்பிடுவார். வண்டியை ஓட்டலாமா என்று கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும்.

"இது வண்டி இல்லண்ணே, பத்திரம். பத்திரத்தை எடுத்துக்கிட்டு யாராச்சும் ரவுண்டு போவாங்களா? மீட்டர்ல நம்பர் ஏற ஏற ரேட்டு எறங்கும்."

இதைக் கேட்டுக்கொண்டு நிற்பவர் யார் என்று நினைக்கிறீர்கள்? இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர். மதுரையில் சரக்கு ஏற்றினால் நாக்பூரில்தான் நன்றாகச் சாப்பிடுவார். ஒரு மோதல் கிடையாது, ஓர் ஆடு கோழி அடிபட்டது கிடையாது. முழங்கால் வலி வந்து, மனைவி முத்துச்செல்வி போதும் என்று சொல்லி, லாரியை விட்டு இறங்கிய நேரத்தில் இந்த வேலை வந்தது. "எம்புட்டு வேகம் ஓட்டுவீகன்னு கேப்பாருன்னு பாத்தேன். எம்புட்டு நேரம் சும்மா உக்காருவீகன்னு கேட்டாரு. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்" என்று இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

சமயநல்லூர் வீட்டிலிருந்து தன் மொபெட்டில் தினமும் வருகிறார். தெருமுனை டீக்கடைக்காரர் காளை, டம்ளரைக் கழுவும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"மாப்ள, இன்னைக்கு எத்தன கிலோமீட்டரு?"

"அர அடி."

"போன வாரமும் அர அடிதானய்யா?"

"அது முன்னாடி. இது பின்னாடி."

கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிவபாண்டி சிரிப்பதில்லை. போன வருடம் லைசன்ஸைப் புதுப்பிக்கப் போன இடத்தில் என்ன வண்டி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "நிப்பாட்டிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

ஆயுதபூஜை அன்றுதான் அவருக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறும். நான்கு வண்டிக்கும் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. பதினாறு டயருக்கும் பதினாறு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். சூடம் காட்டி முடிந்ததும் எல்லா ஊரிலும் வண்டியை நகர்த்திப் பழத்தை நசுக்குவார்கள். இங்கே சாய்பிரசாத் தானே குனிந்து, பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டுவிடுவார். புளிப்பு ரப்பருக்கு ஆகாதாம். அந்தக் கூடை சிவபாண்டியோடு சமயநல்லூருக்குப் போகும். முத்துச்செல்வி ஊறுகாய் போடுவார்.

"வைக்கப்போர்ல படுத்த நாய் கணக்கா, தானும் திங்க மாட்டாரு, மாட்டையும் திங்க விட மாட்டாரு உங்க மொதலாளி" என்பார் முத்துச்செல்வி, ஜாடியைக் குலுக்கிக்கொண்டே. "இருந்தாலும் அந்த வண்டி ஓடிருச்சுன்னா எனக்கு ஊறுகாய் ஏது?"

சிவபாண்டி அந்த ஊறுகாயைத் தொடுவதில்லை. நசுங்கவேண்டிய பழத்தைத் தின்னக் கூடாது என்பது அவர் கட்சி.

அவருக்கு இருப்பது ஒரே ஓர் ஆசை. அந்த மஸ்டாங்குக்கு நான்கு கியர். ஷெட்டுக்குள் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும்தான் வேலை. எஞ்சினை அணைத்த பிறகு, முதலாளி உள்ளே போனதும், கிளட்சை மிதித்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டுப் பார்ப்பார். "மூணுல விழுறப்ப ஒரு சத்தம் கேக்குதுங்க. நெய்யில விழுந்த மாதிரி. ஓடுற ரோட்டுல அத ஒரு வாட்டி போட்டுப் பாத்துட்டா போதும், அப்பறம் நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அதைக் கேட்கவேண்டிய இடத்தில் கேட்டாரா? இரண்டாவது வருடம் ஒரே ஒரு தடவை, பெட்ரோல் பங்க் வரை எடுத்துப் போகட்டுமா என்றார். கேனில் வாங்கி வந்தால் போதுமே என்றார் சாய்பிரசாத். அதோடு சரி. ஒருவர் ஓட்டமாட்டார், மற்றவர் வாய் திறந்து கேட்கமாட்டார். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

சென்ற மாதம் மஸ்டாங் விலைபோயிற்று. ஹைதராபாத்தில் யாரோ ஒரு பெரிய மனிதர். "ரெண்டு மடங்குண்ணே!" என்று சாய்பிரசாத் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஓட்டுவாராங்க?"

"ஹால்ல கண்ணாடி ரூம் கட்டுறாராம். ஏசி போட்டு."

சிவபாண்டி கையை விடுவித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கன்டெய்னர் லாரி வந்தது. தெருவில் கேபிள் வயர்கள் தாழத் தொங்கியதால் உள்ளே நுழைய முடியாமல் தேனி ரோட்டிலேயே நின்றுவிட்டது. வீட்டிலிருந்து அங்கே சரியாக ஒரு கிலோமீட்டர். இழுத்துப் போக ஆள் தேடினார்கள், கிடைக்கவில்லை. சாய்பிரசாத் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"சரிண்ணே, ஓட்டிட்டே வாங்க. ஒண்ணாம் கியர்லயே வரணும். நான் முன்னாடி நடக்குறேன்."

சிவபாண்டி முந்தின நாளே பெட்ரோல் வாங்கி ஊற்றியிருந்தார். இப்போதுதான் காலிக் கேன் சாய்பிரசாத் கண்ணில் பட்டது. "ஒரு கிலோமீட்டருக்கு அஞ்சு லிட்டர் எதுக்குண்ணே?"

"குதிரை குடிக்கும்ங்க."

பிறகு சட்டைப்பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழத்தை எடுத்து நான்கு டயருக்கும் வைத்தார். வழியனுப்புகிற பூஜைதானே என்று சாய்பிரசாத்தும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இருங்கண்ணே, பழத்த எடுத்துர்றேன்" என்று அவர் குனிவதற்குள் இண்டிகேட்டர் விழுந்தது, வண்டி நகர்ந்தது. நான்கும் நசுங்கிச் சாறு சிமெண்ட் தரையில் தெறித்தது. சாய்பிரசாத் காலை விலக்கிக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஓடினார்.

அப்புறம் நடந்ததைத் தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. முன்னால் சாய்பிரசாத், கையைத் தூக்கிக்கொண்டு, நாய்களை விரட்டிக்கொண்டு, பள்ளம் வந்தால் "மெல்ல, மெல்ல" என்று திரும்பிக் கத்திக்கொண்டு நடந்தார். பின்னால் முதல் கியரில் முக்கி முனகிக்கொண்டு அந்தச் சிவப்பு வண்டி வந்தது. வேகத்தைக் காட்டும் முள் எழுந்திருக்கவே இல்லை. டீக்கடை வாசலில் காளை டம்ளரோடு இறங்கி வந்து, "மாப்ள, ஓடுதுய்யா!" என்று கத்தினார். சிவபாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. வியர்வை புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

மெயின் ரோடு வந்தது. வலதுபக்கம், ரோட்டுக்கு அந்தப்புறம் மதுரையைப் பார்த்துக் கன்டெய்னர் நின்றது. பின்கதவு திறந்து, ஏறுவதற்குச் சாய்வுப் பலகை இறக்கியிருந்தார்கள். உள்ளே இருட்டாக இருந்தது. இடதுபக்கம் செக்கானூரணிக்குப் போகிற ரோடு. அந்த நேரத்தில் ஒரு பஸ்கூட இல்லை, நாகமலை கூடவே நீண்டு கிடந்தது.

சாய்பிரசாத் ரோட்டைக் கடந்துபோய்ப் பலகையைக் காலால் அழுத்திப் பார்த்தார். திருப்தியாக இருந்திருக்கவேண்டும். திரும்பி, "வாங்கண்ணே, வாங்க" என்று கையை ஆட்டினார்.

சிவபாண்டி வலதுபக்கம் பார்த்தார், இடதுபக்கம் பார்த்தார், கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பிறகு இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டார்.