‘முதல் நாள்’ பகுதி இருக்கும்

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவளை வாடிக்கையாளர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், இணையத்திலும் அக்காதான். பக்கவாதம் வந்து படுத்த கணவரைக் கவனித்துக்கொண்டே, தன்னைப் போல வீட்டில் நோயாளியை வைத்துப் பார்ப்பவர்களுக்காக ஓர் இணைய மன்றம் நடத்துகிறாள். ஏழு வருடத்தில் ஒன்பதாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். மன்றத்தைக் கட்டிக் கொடுத்தவன் கொழுந்தன். கணினி வேலை அவனுடையது, கோபப்படுகிற வேலை அக்காவுடையது.

நோயாளியை வீட்டுக்குக் கூட்டி வந்த கையோடு கேள்வி கேட்க வருகிறவர்களுக்கு மன்றத்தில் ‘முதல் நாள்’ என்று ஒரு பகுதி உண்டு. மன்றத்தில் எதை மாற்றலாம் என்று எழுத ‘ஆலோசனைகள்’ என்று ஒரு பக்கமும் உண்டு. ஒருவருக்கு எழுத்து பெரிதாக வேண்டும், இன்னொருவருக்குப் பச்சை நிறம் கண்ணைக் குத்துகிறது. ஞாயிறு காலை கணவரைத் துடைத்துப் படுக்க வைத்த கையோடு எல்லாவற்றையும் படித்து, ஆம் அல்லது இல்லை, ஏன் என்று பதில் போட்டுவிடுவாள்.

அந்த ஞாயிறு முதலில் நின்றது பிசியோவின் ஆலோசனை. பிசியோ என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர், தொழிலும் அதுவே, இயன்முறை மருத்துவம்; மன்றத்தில் வருடக்கணக்காகப் பதில் சொல்லி வருகிறவர். “‘முதல் நாள்’ பகுதியை மூடிவிடலாம். எப்படிப் புரட்டுவது, எப்படி ஊட்டுவது என்று தினமும் அதே கேள்வி. புதியவர்கள் பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கட்டும்.” ஆதரவு இருநூற்றுப் பன்னிரண்டு, எதிர்ப்பு ஏழு.

கொழுந்தன் போனில் வந்தான். “மூடிடலாமா அண்ணி? எல்லாரும் கேக்கறாங்க.”

“யாரு எல்லாரும்?”

“ஓட்டுப் போட்டவங்க. நூறு பதிவு போட்டவங்கதான் ஓட்டுப் போடலாம்னு நீங்கதானே சொன்னீங்க.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. விளம்பரக்காரர்கள் புகுந்து கள்ள ஓட்டுப் போடக்கூடாதென்று அவளே வைத்த விதி. முதல் நாள் கேள்வியோடு வருகிறவன் நூறு பதிவுக்கு எங்கே போவான்? அவனுடைய பகுதியை மூடலாமா என்று அவனைத் தவிர எல்லாரையும் கேட்டிருக்கிறார்கள். தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மேல் அதைவிட அதிகமாக வந்தது. அவர்களில் பாதிப்பேர் அதே பகுதிக்கு அழுதுகொண்டே வந்தவர்கள்.

“மூட மாட்டேன். அந்த நூறு பதிவு விதியையும் இப்பவே தூக்கு.”

“பிசியோ போயிடுவாரு அண்ணி. அவரு பின்னாடி ஒரு கூட்டமே போகும். அப்புறம் யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன்.”

“கடையையும் பாத்துக்கிட்டு, அண்ணனையும் பாத்துக்கிட்டா?”

“தம்பி, நீ தூக்கறியா, இல்ல நானே எதையாவது அமுக்கி மொத்தத்தையும் கெடுக்கட்டுமா?”

அந்த மிரட்டலுக்கு அவன் என்றைக்கும் பயப்படுவான். தூக்கினான்.

அக்கா பதில் போட்டாள்: “ஏற்கவில்லை. கேள்வி பழசுதான், கேட்கிறவர் புதுசு. சலித்துப் போனவர்கள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.”

செவ்வாய்க்கிழமைக்குள் நாற்பது பேர் விலகினார்கள். பிசியோதான் முதல் ஆள், ஒரு வரிகூட எழுதாமல் போனார். அக்காவுக்கு வலித்தது. அவர் சொல்லிக் கொடுத்த பயிற்சியில்தான் அவள் கணவர் இடது கையை அசைத்தார். ஆனாலும் திரும்பி வாருங்கள் என்று அவள் எழுதவில்லை.

புதன் மாலை கடையில் நல்ல கூட்டம். போனில் ‘முதல் நாள்’ பகுதி மின்னியது. “அப்பாவை இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்தோம். வீட்ல நான் மட்டும்தான். எப்படிப் புரட்டிப் படுக்க வைக்கறது?” கேட்டுப் பத்து நிமிடமாகியும் பதில் இல்லை. பிசியோ இருந்தால் இரண்டு நிமிடத்தில் வந்திருப்பார்.

“இருமல் மருந்து என்னாச்சுக்கா?” என்றார் முன்னால் நின்றவர்.

“அஞ்சு நிமிஷம் இருங்க. முடியாதுன்னா எதிர்க்கடை திறந்துதான் இருக்கு.”

முதலாளி முறைத்தார். முறைக்கட்டும் என்று அக்கா அலமாரிப் பக்கம் திரும்பி நின்று தட்டினாள்: “பயப்படாதீங்க. முதல்ல அப்பாவோட முழங்காலை மெதுவா மடக்கி வைங்க. வச்சிட்டு எழுதுங்க, நான் எங்கயும் போகல.”