ஒரு டைரியை மிச்சம் பிடித்த பள்ளிக்கூடம்

மாலை மூன்று நாற்பதுக்கு என் மகளை அவளுடைய அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டதாகப் பள்ளிக்கூடத்தின் ஆப் சொன்னது. பச்சை நிறத்தில், ஒரு சரி அடையாளத்தோடு. அந்த மூன்று நாற்பதுக்கு அவளுடைய அப்பா காஷ்மீரில் ஏதோ ஒரு மலைமேல் காவலில் இருந்தார். அங்கிருந்து அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர நாலைந்து நாள் ஆகும். ஆப்புக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய மனிதர்களோ ஆப்பே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டார்கள்.

நடந்து சில மாதங்கள் ஆகின்றன. இப்போதும் நாலரை மணி நெருங்கினால் என் கை தானாகப் போனைத் தேடிப் போகிறது.

நாங்கள் இருப்பது ராஜபாளையத்தில். நான் இங்கே ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மகள் ஐந்தாம் வகுப்பு. பள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில், ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. பள்ளி வேன் நாலரைக்கு அவளை மில் வாசலில் இறக்கிவிடும். என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். வேலை முடிந்ததும் இருவரும் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போவோம். இதுதான் எங்கள் நாள்.

போன ஜூன் மாதம் அந்தப் பள்ளிக்கு உலகத்தைக் காப்பாற்றும் எண்ணம் வந்தது. பெற்றோர்களைக் கூட்டிவைத்துத் தாளாளர் பேசினார். இனிமேல் டைரி கிடையாது, சுற்றறிக்கை கிடையாது, எல்லாம் ஆப்பில்தான் வரும், ஒவ்வொரு டைரியும் ஒரு மரத்தின் கிளை என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இந்த நல்ல செய்தியை ஊருக்குச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்தது ஃப்ளெக்ஸ். லாரி நீளத்துக்குப் பள்ளி வாசலில் ஒன்று, பேருந்து நிலையத்தில் ஒன்று, தேரடிப் பக்கம் ஒன்று. 'காகிதமில்லாப் பசுமைப் பள்ளி.' மட்காத பிளாஸ்டிக்கில், பெரிய பெரிய எழுத்தில். வாசலில் இருந்த வேப்பமரத்தின் ஒரு கிளை போர்டில் தாளாளரின் முகத்தை மறைத்தது. வெட்டிவிட்டார்கள். அவர் கணக்குப்படி அது ஒரு டைரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

போர்டில் தாளாளருக்குக் கீழே என் மகள் நின்றாள். கையில் ஒரு மரக்கன்று, முகத்தில் சொல்லிக்கொடுத்த சிரிப்பு. படம் எடுத்து முடிந்ததும் கன்றைத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் வைத்தார்களாம். பிளாஸ்டிக் பையோடு அங்கேயே காய்ந்து போனதை அவள்தான் வந்து சொன்னாள்.

காகிதம் புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் மில்லில் நூலைச் சுற்றுவதே காகிதக் கோன்களில்தான். அவை லோடு லோடாக வந்து இறங்குவதைத் தினமும் பார்க்கிறேன். காகித ஆலை எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதும் தெரியும். மின்னஞ்சலில் வருவதை அச்செடுத்துக் கோப்பில் குத்திவைத்துவிட்டு 'டிஜிட்டல் ஆகிவிட்டோம்' என்று சொல்லிக்கொள்ளும் அலுவலகம்தான் என்னுடையதும். ஆனால் ஒரு பிள்ளையின் டைரி என்பது என்ன? வருஷம் முழுவதும் உழைக்கும் ஒரு மெல்லிய புத்தகம். வருஷக் கடைசியில் பழைய பேப்பர் கடைக்குப் போகும். கடலைப் பொட்டலமாகத் தெருவுக்கே திரும்பி வரும். இந்த ஆப் என் பழைய போனில் ஓடாது என்றார்கள், அதற்காகவே புதுப் போன் வாங்கினேன். பழையது பேட்டரி உப்பிப் போய் பீரோவுக்குள் கிடக்கிறது. அதை யாரும் எடைக்கு எடுப்பதில்லை, குப்பையில் போடவும் பயமாக இருக்கிறது. ஆப்பின் செய்திகளெல்லாம் எங்கோ ஒரு பெருநகரத்தில், ராப்பகலாகக் குளிரூட்டிய அறைகளில், சூடாகி ஓடும் இயந்திரங்களில் இருக்கின்றன. அந்தக் கரண்டை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. பார்க்க முடியாததை எல்லாம் பசுமை என்று சொல்லிவிடுவது சுலபம்.

டைரி இருந்த காலத்தில் மிஸ் சிவப்பு மையில் எழுதியிருப்பார், கீழே நான் கையெழுத்துப் போடுவேன். என் கணவர் லீவில் வந்தால் முதல் பக்கத்திலிருந்து புரட்டுவார். மாதக்கணக்கில் பழசாகிப் போன குறிப்புகளுக்கு அடியில், என் கையெழுத்துக்குப் பக்கத்தில், தானும் ஒரு கையெழுத்துப் போடுவார். "லேட் அட்டெண்டன்ஸ்" என்று சிரிப்பார். கடைசியாக வந்தபோது ராஜபாளையம் வரை வராமல், எங்களிடம் சொல்லாமலே ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயிலைவிட்டு இறங்கி, பச்சை டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நேராகப் பள்ளி வாசலுக்குப் போய் நின்றார். அந்தக் கதையை மகள் ஒரு மாதம் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

டைரி போனதும் ஆப்பில் அவர் எண்ணைத்தான் பதிந்தார்கள். புதுப் போனைக் காட்டி, என் எண்ணையும் சேருங்கள் என்று கேட்டேன். ஒரு பிள்ளைக்கு ஓர் எண்தான், அப்பா எண்தான் 'பிரைமரி' என்றார்கள். மாற்றவேண்டும் என்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம். காகிதத்தை மட்டும் இல்லை, அம்மாக்களையும் குறைத்துவிட்டார்கள். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்பா ராணுவத்திலோ போலீஸிலோ இருக்கிறார் என்பது அந்த ஊரில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. வரும் செய்திகளை அவர் எனக்கு அனுப்புவார். சிக்னல் கிடைத்தால் அன்றைக்கே வரும், இல்லையென்றால் இரண்டு நாள் கழித்து.

அன்றைக்கு நாலரை தாண்டியும் வேன் வரவில்லை. மில் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தேன். பள்ளிக்குப் போன் போட்டேன். பதிவு செய்த ஒரு பெண் குரல், 'தங்கள் கேள்விகளை ஆப் மூலமாக அனுப்பி, காகிதத்தையும் நேரத்தையும் சேமியுங்கள்' என்றது. மறுபடி போட்டேன். மறுபடியும் காகிதத்தைச் சேமிக்கச் சொன்னாள். ஐந்து மணி ஆனதும் யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்தேன். வழியில் எதிரே வந்த ஒவ்வொரு மஞ்சள் வண்டிக்குள்ளும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனது ஞாபகம் இருக்கிறது. மற்றபடி அந்தச் சாலை எதுவும் ஞாபகம் இல்லை.

பள்ளியில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் பசுமைப் பள்ளிக்கு யாரோ விருது கொடுக்க வருகிறார்கள். அதற்காக மைதானம் முழுவதும் பிளாஸ்டிக் நாற்காலி, பிளாஸ்டிக் தோரணம், உறுமிக்கொண்டு ஒரு ஜெனரேட்டர். வாட்ச்மேனைப் பிடித்தேன்.

"நாலாம் நம்பர் வேன் ரிப்பேர் தாயி. பெத்தவக வந்து கூட்டிட்டுப் போகணும்னு மத்தியானமே போன்ல போட்டாச்சே."

"எம் பிள்ளை எங்க?"

"பாப்பா அப்பமே போயிட்டே! கழுத்துல கெடக்குற கார்டை மெசின்ல காட்டுச்சு, பச்சை எரிஞ்சுச்சு. பச்சைன்னா விடு, செவப்புன்னா புடின்னு சொல்லிருக்காக."

"யாரோட போனா?"

அவர் யோசித்தார். "யாரும் கூட வரலையே. செத்த நேரம் ரோட்டைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. பொறவு பாத்தா ஆளைக் காணோம். சிரிச்ச மொகமாத்தான் போச்சு தாயி."

வாசலுக்கு ஓடி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். அந்த நேரத்தில் போன் அடித்தது. கணவர். வழக்கமாகக் கூப்பிடுகிற நேரம்தான்.

"ஏட்டி, என்ன மூச்சு வாங்குது?"

"பள்ளிக்கூடத்துலருந்து இன்னைக்கு ஏதாச்சும் வந்துச்சா உங்களுக்கு?"

"வந்துச்சே. இங்கிலீசுல நீளமா ஒண்ணு. கீழ பச்சைக் கட்டம் இருந்துச்சு, அமுக்கிட்டேன். உனக்கு அனுப்புறதுக்குள்ள சிக்னல் போயிட்டு."

"என்னன்னு படிக்காமயா அமுக்குனிய?"

"அதுல எதைப் படிச்சிருக்கேன்? எம்புட்டோ வருது. அமுக்குனா 'நன்றி'ன்னு போட்டு, பிள்ளை படம் வரும். அதுக்குத்தான் அமுக்குறது. ஏன், என்ன விசயம்?"

சொன்னேன்.   சொல்லி முடித்ததும் லைன் அறுந்துவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பனியில் நிற்கிற ஒரு மனிதன், பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஒரு பொத்தானை அமுக்குகிறான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள ஓர் இயந்திரத்தால்தான் முடியும். அல்லது அந்தத் தாளாளரால்.

தாளாளர் சட்டையில் பச்சை பேட்ஜ் குத்திக்கொண்டு வந்தார். கையில் இருந்த டேப்லெட்டை என் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினார்.

"பாருங்க மேடம். பேரண்ட் அக்செப்ட் பண்ணிருக்காங்க. த்ரீ ஃபார்ட்டிக்கு ஹேண்டோவர். எங்க சைடுல எல்லாம் கிளியரா இருக்கு."

"சார், அவ அப்பா காஷ்மீர்ல இருக்காரு."

"அதை நீங்க ஆப்புல அப்டேட் பண்ணிருக்கணும்."

பக்கத்தில் நின்ற வாட்ச்மேன்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். தாளாளர் குனியவில்லை. அவர் தலைக்கு மேலே ஃப்ளெக்ஸில் என் மகள் கன்றோடு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் காட்டினேன்.

"படம் இங்க இருக்கு சார். பிள்ளை எங்க?"

"டென்ஷன் ஆகாதீங்க மேடம். பக்கத்துல எங்கயாவது ஃபிரெண்டு வீட்டுக்குப் போயிருப்பா. எல்லா பேரண்ட்ஸுக்கும் ஒரு நோட்டிஃபிகேஷன் போட்டுரலாம்."

"போலீஸுக்குப் போறேன்."

"அவசரப்படாதீங்க. நாளைக்கு ஃபங்ஷன். போலீஸ்னு போனா பேப்பர்ல வந்துரும்."

டைரிக்கும் சுற்றறிக்கைக்கும் பயப்படாமல் முடிவு கட்டிய மனிதர், மறுநாள் காலைப் பேப்பரை நினைத்து வியர்த்தார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வந்திருந்தால் நிறுத்தியிருக்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது.

காவல் நிலையத்தில் எழுதிக்கொடுக்க ஒரு தாள் வேண்டும் என்றேன். அலுவலகத்தில் தேடினார்கள். மேஜை, அலமாரி, இழுப்பறை எதிலும் ஒரு வெள்ளைத்தாள் இல்லை. பெருமையாகவே சொன்னார் அங்கிருந்த பெண். "நாங்க பேப்பரே வைக்கிறதில்ல மேடம்." பிரிண்டர் இருந்தது, மூடிபோட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. பேனாவைக்கூட வாட்ச்மேன்தான் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கடைசியில் ஒரு மூலையில் கட்டுக் கட்டாக ஏதோ தெரிந்தது. விருது விழாவுக்கான அழைப்பிதழ். பெரிய மனிதர்களுக்குக் கொடுப்பதற்காக அச்சடித்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையைவிடத் தடிமனான அட்டை, தங்க எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில். பெரிய மனிதர்களுக்கு நோட்டிஃபிகேஷன் போதாது போலிருக்கிறது.

ஒன்றைப் பிரித்துத் திருப்பினேன். வாசலில் ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்து, காகிதமில்லாப் பள்ளியின் அழைப்பிதழுக்குப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். 'ஐயா, என் மகள், வயது பத்து, ஐந்தாம் வகுப்பு, பச்சைச் சீருடை, இரட்டைச் சடை.' அட்டையின் வழவழப்பில் மை பிடிக்காமல் வழுக்கியது. 'இடது புருவத்தில் ஒரு சிறிய தழும்பு' என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. தழும்பு இடது புருவத்திலா வலதிலா? பத்து வருஷமாகப் பார்க்கிற முகம். ஞாபகம் வரவில்லை. நிமிர்ந்து ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். அதில் தழும்பே இல்லை. அழகுக்காக அழித்திருந்தார்கள்.

நன்றாக இருட்டிவிட்டது. ரயில்வே ஸ்டேஷன் பக்கமிருந்து ஓர் ஆட்டோ வந்து வாசலில் நின்றது. முதலில் ஒரு பச்சை டிரங்குப் பெட்டி இறங்கியது. பிறகு ஒட்ட வெட்டிய தலையோடு ஓர் ஆள். ஒரு கணம், அறிவு வேலை செய்யாத ஒரு கணம், அவர்தான் என்று நினைத்துவிட்டேன். அவர் இல்லை. யாரோ ஓர் இளைஞன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, புத்தகப் பையோடு என் மகள் இறங்கினாள்.

"யக்கா, இது உங்க பிள்ளையா? நமக்கு ஊரு மம்சாபுரம். பட்டாளத்துலருந்து லீவுல வாரேன். ரயிலை விட்டு எறங்கி நடக்கேன், பின்னாலருந்து ஓடி வந்து கையைப் புடிச்சிட்டு. திரும்பி எம் மூஞ்சியப் பாத்ததும் ஒரே அழுகை. சட்டையில பள்ளிக்கூடத்துப் பேரு இருந்துச்சு, அதான் நேரா இங்க கூட்டியாந்தேன்."

தாளாளர் வேகமாக முன்னால் வந்தார். "பாத்தீங்களா மேடம், சேஃபா வந்துட்டா" என்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. தரையில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பிடித்துப் பார்த்தேன். தழும்பு வலது புருவத்தில் இருந்தது.

அவள் அழுகையெல்லாம் முடிந்திருந்தது. என் தோளைத் தாண்டி, கேட்டுக்குள்ளே யாரோ நிற்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அப்பா வந்து கூட்டிட்டுப் போறேன்னு அமுக்கிருக்காகன்னு மிஸ் போன்ல காட்டுனாகம்மா. போன தடவ மாதிரி நடந்து வரவிடக் கூடாதுன்னு நானே ஸ்டேஷனுக்குப் போயிட்டேன். அப்பா ஏம்மா வரலை?"