ஆட்சேபணை உண்டு

அண்ணாச்சியை முதன்முதலில் பார்த்தபோது அவர் தோளில் ஒரு பெண்கள் கைப்பை தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புப் பை, வார் பிய்ந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. ஆறடி உயரம், முறுக்கிவிட்ட மீசை, கூடவே அந்தப் பை. அவருக்கு முன்னால் நின்ற அவர் மனைவி, பாஸ்போர்ட்டுகளையும் சம்பளச் சான்றிதழையும் என் மேசைமேல் வைத்துவிட்டு, "இவருக்கு விசா போடணும் பாய், என் பேர்ல" என்றார். ஷார்ஜா ரோலாவில் நான் வேலை பார்க்கும் டைப்பிங் சென்டரில் ஒரு நாளைக்கு நாற்பது விண்ணப்பமாவது அரபியில் அடிப்பேன். கணவன் பேரில் மனைவிக்கு விசா, தகப்பன் பேரில் பிள்ளைக்கு விசா. மனைவி பேரில் கணவனுக்கு என்று வருவது அபூர்வம். காத்திருந்தவர்களில் ஒருவர் கைபேசியைத் தாழ்த்தி அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணாச்சி பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அந்த அம்மாள் ஒரு மருத்துவமனையில் நர்ஸ், அதனால் எனக்கு அவர் சிஸ்டர். கணவர் திருநெல்வேலிப் பக்கம், அதனால் அண்ணாச்சி. பத்திரங்களில் அவர்கள் பெயரை எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு அவர்கள் சிஸ்டரும் அண்ணாச்சியும்தான்.

எனக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை. என் ஊர் காயல்பட்டினம். எங்களூரில் வீடு பெண்ணுக்குத்தான் கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்த் தங்குவார். என் வாப்பா தங்கினார், நானும் தங்கினேன். மனைவியின் கூரைக்குக் கீழே இருப்பதால் மீசை உதிர்ந்துவிடாது என்பது எங்களுக்குத் தெரியும். அண்ணாச்சிக்குத்தான் கூச்சம். தொழில் என்ற இடத்தில் என்ன போட வேண்டும் என்று நான் கேட்டதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு சமாளித்துக்கொண்டு, "இத்தன வருசம் அரபி கஃபீலுக்குப் பயந்தேன் பாய். இனிமே இவதான் எனக்குக் கஃபீல். அவனுக்காவது எப்பவாச்சும் சிரிப்பு வரும்" என்றார். நம்மைத் தன் பொறுப்பில் இந்த நாட்டில் வைத்திருப்பவரைத்தான் கஃபீல் என்போம். சிஸ்டர் சிரிக்கவில்லை. மனிதர் உண்மையைத்தான் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். கல்யாணம் ஆன மூன்றாம் மாதமே அண்ணாச்சி தோஹாவுக்குப் போய்விட்டார். தொழிற்பேட்டைக் கேம்ப்பில் ஓர் அறைக்கு எட்டுப் பேர், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவு. சிஸ்டர் படித்த படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்தார். ஒன்பது வருடம் அப்படியே ஓடியது. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு சிஸ்டருக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்தது. சில வருடத்தில் அண்ணாச்சியின் கம்பெனி மூடிவிட்டது. ஊருக்குப் போன மனிதரை சிஸ்டர் விசிட் விசாவில் இங்கே வரவழைத்து, பிறகு தன் விசாவுக்கு மாற்றிக்கொண்டார். அதாவது, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் குடித்தனம் செய்யத் தொடங்கியதே என் கடையில் அடித்த விண்ணப்பத்துக்குப் பிறகுதான்.

வீடு என்பதும் சும்மா பேச்சுக்குத்தான். மூன்று குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்ட ஒரு ஃப்ளாட்டில் அவர்களுக்கு ஓர் அறை. அடுப்பில் அவர்களுடைய முறை காலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை. அந்த ஒரு மணி நேரத்தில் அண்ணாச்சி சோறும் குழம்பும் ஒரு பொரியலும் செய்து, சிஸ்டரின் டிபன் பாக்ஸைக் கட்டிவிடுவார். நோயாளிகளைத் தூக்கிப் புரட்டி சிஸ்டருக்குத் தோள்வலி. அதனால் மருத்துவமனை வேன் நிற்கும் இடம் வரைக்கும் அவர்தான் கைப்பையைச் சுமந்துகொண்டு போவார், சாயங்காலம் அங்கேயே போய் நின்று திரும்ப வாங்கிக்கொள்வார். பிறகு இருவரும் ஏரிக்கரைப் பக்கம் நடப்பார்கள். வழியில் ஒரு கரக் டீ வாங்கி இரண்டு கப்பில் ஊற்றிக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக எதுவும் வாங்கியதில்லை, ஊருக்குப் போகும்போதும் ஆளுக்கு ஒரு பெட்டிதான். ஆனால் அந்த ஏரிக்கரையில் இவர்களைப் போல விடாமல் பேசிக்கொண்டு போன ஜோடியை நான் கண்டதில்லை. பதினைந்து வருடப் பேச்சு பாக்கி இருந்தது, பேசினார்கள். வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சிஸ்டரை வேன் ஏற்றிவிட்டு அண்ணாச்சி என் கடைக்கு வந்து ஏசிக்குக் கீழே உட்கார்வார். எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார், கிண்டலும் கேலியுமாகப் பேசிக்கொண்டிருப்பார். யாராவது "உங்களுக்கு எங்க டூட்டி?" என்று கேட்டால் மட்டும் வாய் மூடிவிடும். "லீவுல இருக்கேன்" என்பார். அந்த லீவு எட்டு மாதம் நீண்டது.

ஒருநாள் மத்தியானம் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். வேலை கிடைத்துவிட்டது. அபுதாபிக்கு மேற்கே பாலைவனத்தில் ஒரு சைட், ஸ்டோர் கீப்பர் வேலை, நல்ல சம்பளம். கேம்ப்பில்தான் தங்க வேண்டும், மாதத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வரலாம். கூடவே சிஸ்டரும் வந்திருந்தார். "நல்ல வேலை பாய், அவருக்கு ரொம்ப சந்தோசம்" என்றார். மனைவியின் விசாவில் இருப்பவர் வேலைக்குச் சேர வேண்டுமென்றால் மனைவி எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் அந்தக் கடிதத்தை அரபியில் கேட்டிருந்தார்கள். எனக்கு அது மனப்பாடம். இரண்டு நிமிடத்தில் அடித்து நீட்டினேன்.

சிஸ்டர் பேனாவைத் திறந்துவிட்டு நிறுத்தினார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க பாய். தெரியாம நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன், ஆஸ்பத்திரிப் பழக்கம்" என்றார். என் அனுபவத்தில் அதுவரை ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. காட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். நான் வலமிருந்து இடமாக விரலை ஓட்டி வாசித்தேன். "இன்னாராகிய நான், என் பொறுப்பிலுள்ள என் கணவர் மேற்படி நிறுவனத்தில் வேலை பார்ப்பதிலும், அவர்கள் தரும் இடத்தில் தங்குவதிலும் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்."

"கடைசி வரிய இன்னொரு தரம் சொல்லுங்க."

"எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை."

சிஸ்டர் பேனாவை மூடினார். "இருக்கே பாய்" என்றார்.

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. "என்ன இருக்கு?" என்றார்.

"ஆட்சேபணை. எனக்கு இருக்கு. இல்லன்னு எப்படிப் பொய்க் கையெழுத்துப் போட?"

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், நல்லவேளையாக ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அண்ணாச்சி குரலைத் தாழ்த்தி, "இத வீட்டுலயே சொல்லியிருக்கலாம்லா" என்றார். "நீங்க சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு நின்னீங்க. எப்படிச் சொல்ல?" என்றார் சிஸ்டர். "உன் ஒருத்தி சம்பளத்துல எத்தன நாளைக்கு உக்காந்து திங்க?" என்று அண்ணாச்சி கேட்டபோது அந்தப் பெரிய உடம்பு குறுகிப் போயிருந்தது. எட்டு மாதமாக அவர் விழுங்கி வைத்திருந்தது அதுதான்.

சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் குரல் கலங்கவில்லை. "ஒன்பது வருசம் உங்க ஒருத்தர் சம்பளத்துலதான நான் தின்னேன்? யாராவது என்ன டூட்டின்னு கேட்டாங்களா? நமக்கு அப்பவும் ஒரு சம்பளந்தாங்க. அப்ப நீங்க அங்க இருந்தீங்க, நான் ஊர்ல கெடந்தேன். இப்பதான் ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்கோம். அதுக்குள்ள எனக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் கேக்காங்க."

அண்ணாச்சி அந்தத் தாளைக் கையில் எடுத்தார். "அப்ப கேக்கவங்ககிட்ட நான் என்ன சொல்ல?" என்றார். "சமைக்கேன்னு சொல்லுங்க. நல்லாத்தான சமைக்கீங்க" என்றார் சிஸ்டர். அண்ணாச்சி தாளை என் பக்கம் தள்ளினார். "கலாஸ் பாய். கேன்சல்" என்றார். சொல்லும்போதே மீசைக்குக் கீழே சிரிப்பு வந்துவிட்டது. கேன்சல் ஆனாலும் டைப்பிங் கூலியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் அண்ணாச்சி கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். யாராவது டூட்டியைப் பற்றிக் கேட்டால், "வீட்டுல சமையல் டூட்டி. காலைல நாலரை மணி ஷிஃப்ட்" என்று கடைக்கே கேட்கும்படி சொல்வார். போன வருடம் சிஸ்டருக்கு வேறொரு நாட்டில் வேலை கிடைத்து இருவரும் போய்விட்டார்கள். அங்கேயும் அவர் சிஸ்டர் விசாவில்தான் இருக்கிறார், அங்கே சமையலறை பெரியது என்று தகவல்.

இதை எழுதும்போது என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறாள். எங்களுக்கும் ஓர் அறைதான், ஒரு சம்பளம்தான். மகளுக்காக ஊரில் கட்டத் தொடங்கிய மாடி கம்பி நீட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது. மச்சினன்மார் போன் செய்யும்போதெல்லாம் அந்தக் கம்பியை விசாரிக்கிறார்கள். கட்டலாம், மெதுவாகக் கட்டலாம். நான் வேலை முடிந்து வந்தால் கதவைத் திறக்க ஆள் இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வாய்க்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அவள் இங்கே வந்ததுகூட சிஸ்டரால்தான். அந்தக் கடிதம் கேன்சல் ஆன அன்று, அஸர் தொழுதுவிட்டு வந்து ஊருக்குப் போன் போட்டேன். மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்ட வருடம் அது, என் மனைவி வீட்டில் தனியாக இருந்தாள். பதினெட்டு வருடமாக ஊராருக்கெல்லாம் ஆட்சேபணை இல்லை என்று அடித்துக் கொடுத்தவன், சொந்த மனைவியிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

"நான் இங்கே தனியா இருக்குறதுல உனக்கு எதுவும் ஆட்சேபணை உண்டா?" என்றேன்.

"என்ன, கடுதாசி வாசிக்கிற மாதிரிப் பேசுறிய?" என்று சிரித்தாள்.

நானே பேச்சைத் தொடர்ந்தேன். இங்கே வந்தால் ஓர் அறைதான், சமையலறை பொது, மாடி வேலை நின்றுபோகும் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போனேன். அதோடு உனக்குப் பாஸ்போர்ட்டும் எடுக்க வேண்டும், அதற்கே எத்தனை மாதம் ஆகுமோ என்றேன்.

"பாஸ்போர்ட் எடுத்து ஆறு வருஷம் ஆச்சு மச்சான்" என்றாள். "அலமாரியிலதான் இருக்கு."