பாதியில் அறுந்த படமும் பள்ளிப்பட்டு பஸ்ஸும்

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடைக் காலை. பள்ளிப்பட்டில் நெசவாளர் நண்பர் வீட்டில் தங்கி, அவர் நெய்த துணியில் ஒரு படம் வரைந்திருந்தேன். அன்று மாலை சென்னையில் என் முதல் கண்காட்சி. திருத்தணி போய் ரயில் பிடிக்க வேண்டும். இருப்புக் கொள்ளவில்லை எனக்கு.

படம் வந்த கதை இது. ஒரு திரைப்படச் சங்கத்தில், வெள்ளைக்காரனை எதிர்த்து ஆயுதம் எடுத்த ஆப்பிரிக்க நாட்டுச் சினிமா பார்த்தேன். மீன்கூடைக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு ஒருத்தி ஆற்றுத்துறைக் காவலை நெருங்குகிறாள். சரியாக அங்கே பிலிம் அறுந்தது. தாண்டினாளா, மாட்டினாளா? யாருக்கும் தெரியவில்லை. அந்த அவஸ்தையைத்தான் ஆளுயரத்துக்கு வரைந்து, மூங்கில் கழிகளில் கட்டிச் சுருட்டி வைத்திருந்தேன்.

ஏழு மணி பஸ். முப்பத்தைந்து சொச்சம் கிலோமீட்டரை டிரைவர் இரண்டு மணி நேரம் உருட்டுவார். என் பக்கத்து இடம் காலி. ஆனால் ஓர் அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். நான் விடுவேனா! உட்காரச் சொல்லித் திரும்பத் திரும்ப வற்புறுத்தினேன். கடைசியில் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"கம்முனு வாங்க. குந்தினா தையல் பிரிஞ்சி அரிசி கொட்டிடும்."

அப்போதுதான் உறைத்தது. பள்ளிப்பட்டை ஒட்டியே ஆந்திர எல்லை; அங்கிருந்து அரிசி கொண்டுவரத் தடை இருந்த காலம். துணியை நீளப் பைகளாகத் தைத்து, அரிசி நிரப்பி, புடவைக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். என் உபசாரத்தால் பஸ் மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

செக்போஸ்டில் ஏறிய போலீஸ்காரர் நேராக அவரிடம் போனார்.

"இன்னாம்மா, சீட்டு காலியா கீது, நின்னுகினு வர்ற?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆவேசம். எழுந்து படத்தைப் படாரென்று விரித்தேன். கூடையும் துப்பாக்கியுமாக அவள் எங்களுக்கு நடுவே நின்றாள். இவள் ஆற்றைத் தாண்டப் போகிறவள், சினிமா பாதியில் அறுந்துவிட்டது என்று தொண்டை கிழியக் கத்தினேன். எந்தக் கட்சி நீ என்று கேட்டு என்னைக் கீழே இழுத்துப் போனார்கள். அந்த அம்மாளை எல்லோரும் மறந்தே போனார்கள். டிரைவர் விடாமல் ஹாரன் அடித்ததில் என்னை விட்டுவிட்டார்கள். படம் வரைந்த துணியை உருவி வைத்துக்கொண்டு கழிகளை மட்டும் கொடுத்தார்கள்.

திருத்தணியில் இறங்கியதும் அந்த அம்மாள் மறைவாகப் போய் வந்து, ஒரு பிடி அரிசியை என் கைக்குட்டையில் முடிந்தார். மாட்டியிருந்தால் இன்று வீட்டில் உலை ஏறியிருக்காது என்றார். பிறகு தயங்கிக் கேட்டார்:

"அந்தப் பொம்பள தாண்டிச்சாங்க?"

"தாண்டிட்டாங்க அக்கா."

அந்த வழியில் போகிறவர்கள் காலை பஸ்ஸில் போங்கள், வெயில் ஏறினால் தாங்காது. யாராவது நின்றுகொண்டே வந்தால், ஒரு தடவைக்கு மேல் உட்காரச் சொல்லாதீர்கள்.

கண்காட்சி என்னாயிற்று என்று கேட்பீர்கள். சுவரில் வெறும் கழிகள், அவற்றின் கீழே தரையில் ஒரு பிடி அரிசி. படம் எங்கே என்று கேட்ட எல்லோரிடமும், அவள் தாண்டிவிட்டாள் என்றேன்.