என் கணவர் பெட்டி மாட்டிக்கொண்ட இரண்டு நாட்கள்

என் கணவர் மலாக்காவில் பஸ் ஓட்டினார். நாடு சுதந்திரம் அடைந்து பத்து ஆண்டுகூட முழுதாக ஆகாத காலம். ஒருநாள் காலை, பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் போகும் சாலையில் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பஸ்ஸை ஓரங்கட்டி, பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்திருக்கிறார். பயணிகள் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனாலும் கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இதயத்தில் கோளாறு இல்லையென்று டாக்டர் கடிதம் கொடுத்தால் மறுபடி ஸ்டியரிங். இல்லாவிட்டால் டிக்கெட் கிழிக்கப் போகலாம்.

டிக்கெட் கிழிப்பது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அவருக்கு அந்த பஸ்தான் உலகம். வீட்டில் இருந்த நாட்களில் காஜா பெராங் தெருமுனைக்குப் போய் நின்று, தன் பஸ்ஸை வேறொருவன் ஓட்டிப்போவதைப் பார்த்துவிட்டு வருவார். வந்தால் சரியாகச் சாப்பிடமாட்டார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. என்னால் தாங்க முடியாதது எதுவும் வாயில் திட்டாகத்தான் வரும். அவரை நன்றாகத் திட்டினேன்.

எங்கள் டாக்டர் ஒரு சீனர். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர். இதயத்தைச் சாதாரணமாகச் சோதித்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. "படுக்க வைத்துப் பார்க்கிற ஐந்து நிமிடத்தில் இதயம் தன் குறும்பைக் காட்டாது, டீச்சர்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆங்கிலம் ஓரளவு வரும். சில வாரம் கழித்து யாரிடமோ இரவல் வாங்கிய ஒரு பெட்டியை மேசைமேல் வைத்தார். அதுவரை அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. தோளில் மாட்டும் தோல் பைக்குள் சின்ன டேப் ரெக்கார்டர். அதிலிருந்து வரும் கம்பிகளை நெஞ்சில் ஒட்டிவிட்டால், பத்து மணி நேரம் இதயம் துடிப்பது முழுக்க நாடாவில் பதிவாகிவிடும். பிறகு அதைக் காகிதத்தில் கோடாகப் போட்டுப் பார்க்கலாம். நோயாளி ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியதில்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான்: எந்த நேரத்தில் என்ன செய்தார் என்று ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும்.

பிளாஸ்திரி ஒட்டுவதற்காக நெஞ்சு முடியை வழித்தபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "கண்டக்டரா போறதுக்கு முன்னாடியே மொட்டையா?" என்றார்.

முதல் தடவை மாட்டியது ஒரு சனிக்கிழமை. எனக்குப் பள்ளி விடுமுறை. அங்கேதான் நான் தவறு செய்தேன். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? சுவரைத் துடைப்போம், மக்குப் பிள்ளைகளைப் பின் வரிசைக்குத் தள்ளுவோம், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கேள்வியை முன்கூட்டியே சொல்லிவைப்போம். என் கணவரின் இதயத்துக்கும் அதே ஏற்பாட்டைச் செய்தேன். பிள்ளைகள் இருவரையும் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். ரேடியோவை அணைத்தேன். கோப்பி கிடையாது, சிகரெட் கிடையாது, பேச்சும் கிடையாது. பிள்ளை பெற்றவளைப் போல அவரைக் கட்டிலில் கிடத்தி, பார்லி தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, உன் வீட்டுக்காரர் வைத்திருப்பது புது மாதிரி ரேடியோவா, பாட்டு வைக்கச் சொல்லேன் என்று மலாயில் கேட்டார். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் மலாக்காச் செட்டிகள் அவர்கள். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு அன்று பொறுமை வராது. ஜன்னலைச் சாத்தினேன்.

நோட்டில் முத்து முத்தாக ஆங்கிலத்தில் எழுதினேன். எட்டு மணி, ஓய்வு. ஒன்பது மணி, பார்லி தண்ணீர். பத்து மணி, ஓய்வு. பக்கம் முழுக்க இதுதான்.

டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். நீளமான காகிதச் சுருளையும் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "டீச்சர், உங்கள் கணவர் படுத்துக்கொண்டா பஸ் ஓட்டுகிறார்?" என்று கேட்டார்.

எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. வெளியே அஞ்சடி நடைபாதையில் விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததைக் கண்டு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியைத் திருப்பிக் கொடுக்க நாலே நாள் பாக்கி. அதற்குள் இன்னொரு முறை மாட்டிவிடுவதாக டாக்டர் சொன்னார். அதுதான் கடைசி வாய்ப்பு.

இரண்டாம் தடவை புதன்கிழமை. நான் சைக்கிளில் பத்து பெரெண்டாம் பக்கம் இருக்கும் என் பள்ளிக்குப் போக வேண்டும். அவரே எழுதட்டும், தமிழிலேயே எழுதட்டும் என்றார் டாக்டர். மூன்றாம் வகுப்போடு நின்றவர் என் கணவர். பென்சிலைச் சீவிக் கையில் கொடுத்து, "உள்ளத உள்ளபடி எழுதுங்க. அழகா எழுதணும்னு இல்ல" என்றேன். "சரிங்க டீச்சர்" என்றார். கிண்டல்தான்.

வெள்ளிக்கிழமை டாக்டர் எங்களை வரச் சொன்னார். நர்ஸ் என் கணவரை ரத்த அழுத்தம் பார்க்கப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனாள். டாக்டர் காகிதச் சுருளை மேசைமேல் விரித்து, நோட்டை என் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்.

'7.10. பசியாறினேன். ரொட்டி ரெண்டு, கோப்பி ஒண்ணு. 8.00. என் சைக்கிளில் பாசார், மீன் வாங்க. 9.15. கோப்பிக்கடை. கோப்பி ஒண்ணு, சிகரெட் ஒண்ணு. என் பஸ் போகுது. ஓட்டுறவனுக்குக் கியர் மாத்தத் தெரியல. 9.40. இன்னொரு கோப்பி. 10.05. இன்னொண்ணு. டீச்சருக்குத் தெரியாது.'

அந்தக் கடைசி வரியையும் மொழிபெயர்த்தேன். கோபத்தில் என் குரல் அந்த அறையைத் தாண்டியிருக்கும். டாக்டர் சிரித்துக்கொண்டே பென்சிலால் காகிதத்தில் தட்டிக் காட்டினார். அந்தக் கடைசிக் கோப்பிக்குப் பிறகு இதயம் இடையிடையே ஒரு துடிப்பைக் கூடுதலாகப் போட்டிருந்தது. கோப்பியும் சிகரெட்டும் செய்கிற வேலை, நிறுத்தினால் நின்றுவிடும், அன்றைய மயக்கமும் இதனால்தான் இருக்கும் என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

'1.30. டீச்சர் வரல. 1.50. வரல. நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்கேன். 2.10. வரல. பத்து பெரெண்டாம் லாரியெல்லாம் இந்த நேரத்துலதான் வரும். அந்த வளைவுல லாரிக்காரன் கண்ணுக்குச் சைக்கிள் தெரியாது. எனக்கே பல தடவ தெரிஞ்சதில்ல. 2.40. வந்துட்டா. திட்டுறா. நல்லா இருக்கேன்.'

புதன்கிழமை பள்ளி விட்டதும் நான் நேரே வீட்டுக்கு வரவில்லை. ஜாலான் பெண்டஹாரா என்ற கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் புதுச் சேலைகள் வந்திருந்தன. சைக்கிளைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில் நேரம் போனதே தெரியவில்லை. தாமதமாகப் போகிறவள் முந்திக்கொண்டு திட்டிவிடுவதுதான் வசதி. சட்டைகூட இல்லாமல், கம்பிகள் தொங்க, தெரு தெரிய உட்கார்ந்திருக்கிறீர்களே என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். அவர் எழுந்து போய்ச் சோற்றைப் போட்டு வைத்தார்.

பன்னிரண்டு வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். இப்படி ஒரு வார்த்தையை அவர் என்னிடம் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. எங்கள் பக்கம் அதெல்லாம் வழக்கமும் இல்லை. அதை ஓர் அந்நிய ஆணிடம், அதுவும் ஆங்கிலத்தில், எப்படிச் சொல்வது? காது சூடாகிவிட்டது.

"ஒன்றரையிலிருந்து இரண்டு நாற்பது வரை ஓய்வு" என்றேன்.

டாக்டரின் பென்சில் நின்றது. "நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாரா?"

"ஆமாம்."

"சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு இதயம் இந்த ஓட்டம் ஓடக்கூடாது, டீச்சர். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. காரணம் இல்லாமல் ஓடினால், பஸ் ஓட்டும்போதும் ஓடும். இதற்கு நான் கையெழுத்துப் போட முடியாது." காகிதத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அந்தச் சுருளோடு சேர்ந்து என் கணவரின் பஸ்ஸும் போவது எனக்குத் தெரிந்தது. வெட்கம் பார்க்கிற நேரமா அது?

"டாக்டர், நான் சரியாக வாசிக்கவில்லை" என்றேன். திரும்பவும் நோட்டைப் பிரித்து, லாரி, வளைவு, சைக்கிள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அந்த ஒன்றே கால் மணி நேரம் நான் சேலை பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை. ஆனாலும் சொன்னேன்.

டாக்டர் காகிதத்தைத் திரும்ப விரித்தார். "இரண்டு நாற்பதுக்கு என்ன ஆயிற்று?"

"நான் வீட்டுக்கு வந்தேன்."

"வந்து?"

"திட்டினேன்."

அவர் பென்சிலை அந்த இடத்தில் வைத்து மெதுவாக நகர்த்தினார். நெருக்கமாக இருந்த துடிப்புக் கோட்டின் முனைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. கொஞ்ச தூரம் போனதும் ஒரே சீராகிவிட்டன. அந்த இடம் முழுக்க நான் திட்டிக்கொண்டிருந்த நேரம்.

"பயப்பட வேண்டியதற்குப் பயப்பட்டு, பயம் தீர்ந்ததும் அடங்குகிற இதயம்" என்றார் டாக்டர். "இந்த மனிதர் ஓட்டுகிற பஸ்ஸில் நான் ஏறுவேன்." கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

கடிதத்தைக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் கணவர் சட்டைப் பொத்தானை மாட்டியபடி அஞ்சடியில் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது. கோப்பியும் சிகரெட்டும் இனிக் கிடையாது என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கொஞ்ச தூரம் நடந்தோம். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஒன்றரை மணிக்கு எழுதுனதையும் வாசிச்சியா?"

"வாசிக்கல" என்றேன்.

"அப்ப எனக்கு நெஞ்சு அந்த அடி அடிச்சுச்சே, பின்ன எப்படிக் கையெழுத்துப் போட்டாரு?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பட்டப்பகலில், மலாக்கா டவுன் நடுவில், எத்தனை பேர் பார்த்தார்களோ தெரியாது. பஸ் ஸ்டாப் வரும்வரை விடவில்லை.