பால்மாவு டின்னின் அடியில் இருந்த தேதி

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டு ஆட்டுக்கறியை நான் குப்பைக்கு அனுப்பப் பார்த்தேன். ஆட்டிறைச்சி வீட்டுக்கு வருவதற்கு முன்பே அனுப்பப் பார்த்தேன் என்பதுதான் இதில் என் தனித்திறமை.

மலேசியாவில், குளுவாங் ஊரில் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது வேறு ஆள். மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் தேதியும் எண்ணும் சரியா என்று பார்ப்பது நான். பதினெட்டு வருடமாக லேபிளைப் பார்த்தே சோறு தின்கிறேன். அதனால் தீபாவளிக்கு முதல் நாள் காலை, பசாருக்கு இறைச்சி வாங்கக் கிளம்பிய மனைவி, "ஏங்க, அந்த அலமாரியக் கொஞ்சம் ஒழிச்சி வைங்க. தேதி போனதெல்லாம் தூக்கிப் போட்டுருங்க" என்றபோது, என் வாழ்நாள் பயிற்சியெல்லாம் இதற்குத்தானோ என்று தோன்றியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆரம்பத்திலேயே குழப்பம். உப்புப் பாக்கெட்டுக்குத் தேதி இருந்தது, போன வருடமே முடிந்துவிட்டது. கடலில் இத்தனை காலம் கெடாமல் கிடந்தது, எங்கள் அலமாரிக்கு வந்து கெட்டுவிட்டதாம். ஊறுகாய்ப் போத்தலில் தேதியே இல்லை. தொழிற்சாலையில் லேபிள் இல்லாத சரக்கைத் தனியே நிறுத்தி வைப்போம். ஊறுகாயையும் ஒரு மூலையில் நிறுத்தினேன். தேங்காய்ப்பால் பெட்டிக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பெட்டி லேசாக உப்பியிருந்தது. தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள் போலும் என்று முன்வரிசையில் வைத்தேன்.

கடைசியில் ஒரு பெரிய பால்மாவு டின். மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. தூக்கினால் கனம். திருப்பிப் பார்த்தால், தேதி முடிந்து பத்து வருடத்துக்கு மேல். பிரிக்காமலே வீணாக்கியிருக்கிறோமே என்று வருத்தப்பட்டுக்கொண்டே, பழைய டின் சேர்க்கும் பக்கத்து வீட்டுச் சீன ஆண்டியிடம் மற்ற டின்களோடு கொடுத்துவிட்டு வந்தேன்.

மனைவி ஆட்டிறைச்சியோடு வந்தாள். அலமாரியைப் பார்த்தாள்.

"இங்க இருந்த டின்னு எங்க?"

"பால்மாவா? அது தேதி போயி பத்து வருசமாச்சி லா."

"எந்தப் பால்மாவு? அதுல எங்கம்மா அனுப்புன கறித்தூளுங்க. போன வாரந்தான் அரச்சது."

சாஆ என்ற ஊரில் இருக்கும் என் மாமியார், மல்லியும் மிளகாயும் வெயிலில் காயவைத்து, மில்லில் அரைத்து, எங்கள் மகள் குழந்தையாக இருந்தபோது குடித்த அந்தப் பால்மாவு டின்னில்தான் ஒவ்வொரு தீபாவளிக்கும் தூள் அனுப்புவார். காலி டின் திரும்பிப் போகும், அடுத்த வருடம் நிறைந்து வரும். காலி டின்னைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பதே நான்தான். ஆனால் ஒருநாளும் அடியைத் திருப்பிப் பார்த்ததில்லை. மாமியார் எறும்புக்குப் பயந்து ஒட்டிய டேப்பை, தரம் பார்க்கும் நான், கம்பெனி சீல் என்று நினைத்திருக்கிறேன்.

"நாளைக்கு எங்கம்மா வந்து உட்காருவாங்க. மில்லும் மூடியாச்சி. கடைத்தூள்ல ஆக்குனா ஒரு வாயிலயே கண்டுபிடிச்சிருவாங்க. யாரு தூக்கிப் போட்டதுன்னு கேட்டா நான் என்னா சொல்றது?"

"மருமகன்னு சொல்லு. நம்புவாங்க."

அவள் சிரிக்கவில்லை. நான் செருப்பில்லாமல் ஓடினேன்.

ஆண்டி வீட்டுப் பின்பக்கம் டின்களெல்லாம் கழுவிக் கவிழ்த்து வெயிலில் வரிசையாக இருந்தன. எங்கள் பால்மாவு டின் மூன்றாவது. அடியிலிருந்த தேதி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆண்டி வெளியே வந்து மலாயில் கேட்டார்: "இவ்வளவு வாசமான தூள, ஏன் வீசுற?"

"தேதி போயிருச்சி, ஆண்டி."

"அது டின்னோட தேதி லா. உனக்கு மூக்கு இல்லையா?" என்று சொல்லி உள்ளே போய் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து வந்தார். தூள் முழுக்க அதில் இருந்தது. "ரெண்டு கரண்டி எடுத்துக்கிட்டேன். இன்னைக்குக் கோழிக்கு."

இன்னும் நான்கு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். நாலும் எடுத்துக்கொண்டார்.

டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்த பிறகுதான் மனைவிக்கு மூச்சு வந்தது. பிறகு நான் முன்வரிசையில் வைத்திருந்த தேங்காய்ப்பாலைப் பிரித்தாள். அடுப்படி நாறியது.

"இத எதுக்கு வச்சிங்க?"

"இன்னும் அஞ்சு மாசம் இருக்கே."

தேங்காயையும் துருவியையும் என் முன்னால் வைத்தாள்.

மறுநாள் மதியம் மாமியார் கறியை வாயில் வைத்துத் தலையாட்டினார். பிறகு கை கழுவ அடுப்படிக்குப் போனவர் அங்கிருந்து கேட்டார்: "ஏன் மாப்ள, ஐஸ்கிரீம வெளியவே வச்சிருக்கீங்க, கெட்டுப் போவாதா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய் டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். தேதி முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. ஏனென்று தெரியவில்லை, எனக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது.