முனி வளைவில் அடிக்காத ஹாரன்

அன்று காலை அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தேயிலை எஸ்டேட் லோரியின் பின்னால் கொழுந்து பறிக்கும் பெண்கள் பதினான்கு பேர். அவர்களோடு நின்றுகொண்டு வந்த கங்காணி. முன்னால் எனக்கு இடது பக்கம் என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி. ஸ்டியரிங்கில் நான். ஃபேக்டரி முற்றத்தில் நின்று எங்களை அனுப்பி வைத்தவர்கள் எஸ்டேட் மேனேஜரான துரையும் தலைமைக் கணக்கரான பெரிய கிராணியும். குழாயடியில் என் மனைவி, வாளி நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றாள். வேறு ஒருவரும் இல்லை. பின்னாளில் எஸ்டேட்டில் பாதிப்பேர் தாங்களும் அங்கே இருந்ததாகக் கதை விட்டார்கள். அவர்கள் யாரும் இல்லை. நான் இஞ்சின் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தலையாகப் பார்த்து வைத்தவன். எனக்கு அது பழக்கம்.

அந்த லோரியின் ஹாரன் பொத்தான் கறுப்பு. நடுவில் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. தேய்த்தது என் கட்டைவிரல். தலையில் அடிபட்டு ஏழு மாதம் கழித்து அன்றுதான் அதன்மேல் மறுபடி விரலை வைத்தேன். "துரை சொல்றாரு, ஒம்போதாம் நம்பர் மலைக்கு ஆளுங்கள ஏத்திட்டுப் போயி எறக்கிட்டு வா. சாயங்காலம் கொழுந்தையும் ஆளையும் கொண்டாந்து சேத்துட்டா, நாளையிலேருந்து சாவி ஒன்கிட்டதான்," என்றார் பெரிய கிராணி. சேர்க்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அந்தச் சாவி இல்லாவிட்டால் நான் டிரைவர் இல்லை, தலையில் தையல் போட்ட ஒரு ஆள். அப்படி ஒரு ஆளுக்கு எஸ்டேட்டில் என்ன மரியாதை என்று எனக்குத் தெரியும்.

நான் அடிபட்டது லோரி ஓட்டும்போது அல்ல. நின்ற லோரியில், உர மூட்டைகளுக்கு மேலே ஏறிக் கயிற்றை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்தது. மல்லாக்க விழுந்தேன். தலையின் வலது பக்கம் சிமெண்டுக் கால்வாயின் விளிம்பில் மோதியது என்று சொன்னார்கள். எனக்கு விழுந்தது ஞாபகம் இல்லை. மலைக்குக் கீழே ஈப்போ டவுன் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததுதான் ஞாபகம். மண்டைக்குள் இரத்தம் கட்டியிருந்ததாம். திறந்து எடுத்தார்களாம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு அதற்குமேல் விளக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

அதற்கு முன்பே நான் பயந்த சுபாவம். மேட்டில் லோரியை நிறுத்தினால் ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, நான்கு டயருக்கும் கல் வைத்து, பத்தடி போய்த் திரும்பி வந்து கல்லை மிதித்துப் பார்ப்பேன். பெண்கள் எனக்குக் 'கல்லு டிரைவர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சிரிக்கட்டும். அவர்களில் ஒருத்திக்கும் என் லோரியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது.

மச்சினன் எங்கள் வீட்டில்தான் தங்கிச் சாப்பிட்டான். நாலு வருசம் என் லோரியில் கையாளாக இடது பக்கம் உட்கார்ந்து வந்தான். நான் ஈப்போவில் கிடந்தபோது லைசென்ஸ் எடுத்து என் லோரியை ஓட்ட ஆரம்பித்திருந்தான். நான் வீட்டுக்கு வந்த முதல் நாள் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான். அன்று நான் மனைவியிடம், "இன்னிக்குக் கறி வைக்கலியா?" என்று கேட்டேன். அவள் தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தாள். கறி வந்துவிட்டது. அவள் அதை விளையாட்டு என்று நினைத்தாள். நான் அவளுக்குக் கிறுக்கு என்று நினைத்தேன். மச்சினன் தட்டையும் பார்த்தான், என்னையும் பார்த்தான், தன் சோற்றைப் பிசைந்தான். பிறகு என் இடது தோள் கதவு நிலையில் இடித்து இடித்துக் கன்றிப் போனதையும் பார்த்தான். நான் பாதி முகத்துக்குச் சவரம் செய்துகொண்டு வெளியே கிளம்பியபோது வாசலில் நின்று சிரித்தவனும் அவன்தான். ஆஸ்பத்திரியில் சுவரில் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டிக் கேட்டார்கள். எல்லாம் சரியாகச் சொன்னேன். கண் நன்றாக இருக்கிறது என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஏறும் பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கே பாறையைக் குடைந்து முனியை வைத்திருக்கிறார்கள். ஒரு சூலம், ஒரு சிவப்புத் துணி, எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு கல். ஏறும்போதும் இறங்கும்போதும் டிரைவர் மூன்று முறை ஹாரன் அடிக்க வேண்டும். கேட்டு உத்தரவு வாங்கிக்கொண்டு போவதாகக் கணக்கு. அடிக்காமல் போன லோரி எங்கள் எஸ்டேட்டில் இல்லை. பனி மூடி முன்னால் ஒன்றும் தெரியாத காலை நேரங்களில் என் மச்சினன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "மாமா, முனி வருது," என்பான். நான் அடிப்பேன். நாலு வருசம் அப்படித்தான் போனோம்.

அன்று பனி இல்லை. வெயில் பளிச்சென்று இருந்தது. கியர் ஒன்றுகூட உறுமவில்லை. வலது பக்கம் பள்ளம், அதை விட்டு ஒதுங்கி, ஊர்ந்து, நல்லபடியாகக் கொண்டு போய் மேலே நிறுத்தினேன். இறங்கிப் போய்க் கல் வைத்தேன். எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. அப்போது பெண்களில் மூத்தவள், எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுகிறவள், கூடையைத் தலையில் மாட்டாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏன் டிரைவரு, முனிக்கு ஹாரன் அடிக்கல?"

"அடிச்சேனே."

"எங்க அடிச்ச? பதினாலு பேருக்கும் காது செவிடா?"

"அடிச்சேன் பெரியக்கா. சத்தியமா அடிச்சேன்."

"இந்தா, சாமி எடத்துல சத்தியம் வேறயா!"

நான் திரும்பி மச்சினனைத் தேடினேன். அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தான். ஒரு வார்த்தை அவன் சொன்னால் போதும். அவன் பெண்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அவர விடு பெரியக்கா. அடிபட்ட மனுசன். முனி இவர விட்டுட்டுப் போயிருச்சு போல."

அவ்வளவுதான். கங்காணிகூட நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

பெண்களை அங்கே விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இறங்கினோம். இறங்கும்போது வளைவில் முனி இருந்தார். சிவப்புத் துணி கண்ணில் அறைந்தது. மூன்று முறை நன்றாக அழுத்தி அடித்தேன். "கேட்டுச்சா இப்ப?" என்றேன் மச்சினனிடம்.

சாயங்காலம் மச்சினனோடு கொழுந்து ஏற்றப் போனேன். மூட்டைகளை ஏற்றிவிட்டார்கள். ஆள் ஏறவில்லை. "நாங்க நடந்தே வர்றோம்," என்றாள் பெரியக்கா. பதினான்கு பெண்களும் காலியான கூடைகளோடு வரிசையாக மலையிறங்கி நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் முதல் கியரில் நான். எவளும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊர்வலம் ஃபேக்டரி முற்றத்துக்குள் நுழைந்தபோது துரை அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெரிய கிராணி அவர் காதில் என்னவோ சொன்னார். துரை முதலில் சிரித்தார். பிறகு பெண்களைப் பார்த்தார். அவர்கள் கூடையைக் கீழே வைக்காமல் நின்றார்கள். அவர்கள் நாளைக்கு மலை ஏறாவிட்டால் அவருக்குக் கொழுந்து இல்லை. கையை நீட்டிச் சாவியை வாங்கி, எனக்கு இடது பக்கம் நின்றவனிடம் கொடுத்தார்.

என்னைக் கொழுந்து வாட்டும் மாடியில் போட்டார்கள். தட்டில் இலையைப் பரப்புவதும் கிளறுவதும் வேலை. அது பரவாயில்லை. பரவாயில்லாதது வெளியே இருந்தது. முனி விட்டுவிட்டுப் போன ஆள் என்று பெயர் வந்த பிறகு கல்யாண வீட்டில் என்னைப் பந்தலுக்குக் கால் நடக் கூப்பிட மாட்டார்கள். நான் எதிரில் வந்தால் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கிளப்புவார்கள். என் மனைவி குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். மச்சினன் தனி வீடு வாங்கிக்கொண்டு போனான், டிரைவருக்குக் கொடுக்கும் முன் வரிசை வீடு. அவனோடு நான் பேச்சை நிறுத்தினேன். அவள் இரண்டு பக்கமும் அழுதாள்.

ஒரு வருசம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முனியையே நேரில் கேட்டுவிடுவது என்று நடந்து ஏறினேன். என்ன கேட்பது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், கெட்ட வார்த்தை உட்பட. ஏறினேன், ஏறினேன், வளைவு முடிந்து நேர் பாதையே வந்துவிட்டது. முனியைக் காணோம். எடுத்துவிட்டார்களா என்று திகீரென்றது. திரும்பி நாலு அடி இறங்கினேன். வலது பக்கத்தில் இருந்தார். மறுபடி ஏறினேன். இல்லை. இறங்கினேன். இருந்தார். பைத்தியம் மாதிரி ஏறி இறங்கினேன். கடைசியில் ஏறும்போது அந்த இடத்தில் நின்று, மோவாய் இடது தோளில் இடிக்கும் அளவுக்குக் கழுத்தைத் திருப்பினேன். சூலம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தட்டில் காணாமல்போன கறி, கதவு நிலை, பாதி தாடி, எல்லாம் ஒன்றாக வந்து தலையில் இறங்கியது. எனக்கு இடது பக்கம் என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. அன்று ஏறும்போது நான் முனியைப் பார்க்கவே இல்லை, ஹாரன் அடித்தேன் என்று சத்தியம் செய்ததெல்லாம் பழைய பழக்கத்தின் நினைப்பு. கண் கெடவில்லை, அந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்கிற எண்ணமே மண்டையில் அழிந்திருந்தது. அடுத்து இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இறங்கும்போது அந்தப் பாதையில் இடது பக்கம் பள்ளம்.

நேரே மச்சினனின் முன் வரிசை வீட்டுக்குப் போனேன். "ஒனக்குத் தெரியுமா?" என்றேன். என்ன என்று அவன் கேட்கவில்லை.

"மொத நாளே தெரியும், மாமா. சோத்துத் தட்டுல பாத்தேன்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ கேப்பியா? தொரைக்கிட்ட சொல்லியிருந்தா, ஒனக்கு மண்டை சரியில்லன்னு எஸ்டேட்ட விட்டே அனுப்பியிருப்பாரு. சாமி குத்தம்னதால மாடி வேலையாச்சும் மிஞ்சுச்சு. ஏறுறப்ப பள்ளம் ஒனக்குத் தெரியிற பக்கம். எறங்குறப்ப பொம்பளைங்க இல்ல, நான் மட்டும்தான். வழி பூரா என் கை ஹேண்ட்பிரேக்குலயேதான் இருந்திச்சு, ஒனக்குத்தான் தெரியல."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். கேட்பவர்களுக்கு நியாயமாகக்கூடத் தோன்றும், என் மனைவிக்குத் தோன்றியது. எனக்காக உயிரையே கையில் பிடித்துக்கொண்டு வந்தவன் மாதிரி பேசினான். ஆனால் அவ்வளவு யோசித்தவன் என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஊரே ஒதுக்கும்படி ஒருவனைச் சாமி கைவிட்டவன் ஆக்குவதற்கு முன்னால், வீட்டுக்குள் வைத்து, "மாமா, ஒனக்கு இடது பக்கம் தெரியல," என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவன் பின்னால் சுவரில் லோரிச் சாவி ஆணியில் தொங்கியது. என் பதிலை அதிலேயே பார்த்துக்கொண்டேன்.

பிறகு ஈப்போவுக்குப் போய் இதைச் சொன்னேன். அங்கே ஒரு தாதி எனக்கு வழி காட்டினார். புத்தகத்தில் இடது ஓரம் சிவப்புக் கோடு போட்டு, அந்தக் கோட்டைக் கண்டுபிடித்த பிறகுதான் வரியைப் படிக்க வேண்டும். தட்டுக்கும் கதவுக்கும் பாதைக்கும் அதே வழி. வருசக்கணக்கில் பழகினேன். டாக்டர் மறுபடி எல்லாச் சோதனையும் செய்து சரி என்ற பிறகும் நான் நம்பாமல் இன்னும் ஆறு மாதம் நடந்தே திரிந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் கோலா தெர்லாவில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, காய்கறி வேனுக்கு ஆள் தேடினார். என் தலைக் கதையை மறைக்காமல் சொன்னேன். ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்து பார்த்துவிட்டு வேனைக் கொடுத்தார். இடது கண்ணாடியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டேன். துணி கண்ணில் படும்வரை கழுத்தைத் திருப்பு, பிறகு ஓட்டு. பிரிஞ்சாங் மார்க்கெட்டில், "யோவ் கல்லு, அந்தப் பக்கம் எவளப் பாக்குற?" என்று கிண்டல் செய்வார்கள். முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு பல வருசம் ஓட்டினேன். ஒரு கீறல் இல்லை. எஸ்டேட் லோரி எதிரில் வந்தால் இடம் விட்டு ஒதுங்கிக் கொடுப்பேன். அதை ஓட்டும் மச்சினன் கை தூக்குவான். நான் தூக்க மாட்டேன்.

போன வருசம் முனிக்குப் பூசை. கோலாலம்பூரிலிருந்து வந்த என் மகன் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு போனான். காரில் இருந்தவர்களையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங்கில் மகன். பின்னால் நானும் என் மனைவியும். முன்னால் இடது பக்கம் மச்சினன், முடியெல்லாம் கொட்டிப்போய். மனைவிக்காக ஒரே காரில் ஏறினேன். பனி இறங்கி ஒன்றும் தெரியவில்லை. டவுனில் வளர்ந்த பிள்ளை, அவனுக்கு இந்த வழக்கம் எதுவும் தெரியாது. வளைவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மச்சினன் கையால் கண்ணாடியைத் துடைத்தான்.

"மாப்ள, முனி வருது. ஹாரன் அடி."

மகன் மூன்று முறை அடித்தான். நான் கழுத்தை முழுவதும் திருப்பிப் பார்த்தேன். சிவப்புத் துணி பனிக்குள் வந்து போனது. அதே இருக்கை, அதே தூரம். சரியான நேரத்தில் சொல்ல அவனுக்கு நன்றாகவே தெரிகிறது. அன்று என்னிடமும் அதைச் சொல்லியிருக்கலாம். 'மாமா, முனி வருது' என்கிற அந்த மூன்று வார்த்தையை அவன் எனக்கு இன்னும் தரவில்லை.